எழுதாமல் விட்ட சூப்

மழைக்கு ஒதுங்கியவள், அது எந்தக் கடை என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நனைந்துகொண்டே போயிருப்பாள்!

காளான் சூப் வந்தது. ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து முகர்ந்தாள். ஒரு மிடறு தண்ணீர். பிறகு கண்ணை மூடி முதல் கரண்டி... ஊர் ஊராகச் சுற்றிச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவளுக்கு எங்கே போனாலும் இதுதான் வழக்கம்.

"உப்பு போதுமா மேடம்?"

கண்ணைத் திறந்தாள். ஏப்ரனில் கை துடைத்தபடி கடைக்காரன். கோபப்படும்போதும் சிரிப்பை மறைக்கத் தெரியாத கண்கள்...

"ரொட்டியை முகர்ந்து பார்ப்பேன்னு நீங்களே பத்திரிகையில எழுதியிருக்கீங்க. எங்க சூப்பை 'வெந்நீரில் குளித்த காளான்'னு எழுதினதும் நீங்கதான். அதுக்கப்புறம் பாதி மேஜை காலி!"

அப்போதுதான் அது எந்தக் கடை என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் நிமிர்ந்தாள்.

"சாப்பிட்டதைத்தான் எழுதினேன். ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன்."

"மாத்த வேணாம். மறுபடி சாப்பிட்டு எழுதுங்க."

கல்லாவிலிருந்து அவன் அக்கா குரல் கொடுத்தாள். "அன்னைக்கு இவனுக்கு ஜலதோஷம்மா. மூக்கு, நாக்கு ரெண்டும் லீவு! நான் ருசி பாக்கறேன்டான்னா, துரைக்கு ரோஷம்!"

"அக்கா, சும்மா இரேன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூப்போ... அமிர்தம். அன்று பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், ஒரே ஒரு முறை சாப்பிட்டுவிட்டு எழுதியது அவளை உறுத்தியது.

மறுபடி வந்தாள். எந்த ஊரிலிருந்து திரும்பினாலும், தோளில் பையோடு நேரே இங்கேதான். மூலை மேஜை அவளுக்காகக் காத்திருந்தது... அவனும்தான். கட்டுரை மட்டும் வரவில்லை.

ஒரு நாள் அவன் பொறுமை போனது. "தப்பை ஒத்துக்கறது அவ்வளவு கௌரவக் குறைச்சலா? நீங்க மறுபடி எழுதுவீங்கன்னு நம்பித்தான் நானும் அக்காவும் கடையைத் திறந்து வச்சிருக்கோம்."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். இரவெல்லாம் தூக்கம் இல்லை. காலையில் பத்திரிகை ஆசிரியருக்கு ஃபோன் செய்தபோது குரலில் தயக்கம் இல்லை.

அடுத்த இதழை அவளே கொண்டுவந்து அவன் முன் விரித்தாள். 'ஒரே முறை சாப்பிட்டு எழுதியது என் தவறு. இந்தக் கடைக்கு இனி வேறொருவர் வருவார். அவர் எழுதுவதை நம்புங்கள்.' கீழே அவள் பெயர்.

படித்தவன் முகம் வாடியது. "நீங்களே எழுதக் கூடாதா?"

"முடியாது. வேண்டியவங்க கடையைப் பத்தி எழுதறதில்லை. அதுல நான் ரொம்பப் பிடிவாதம்."

"யாருக்கு... வேண்டியவங்க?"

"எனக்குத்தான்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே சூப் கொதித்து வழிந்தது. "டேய், அடுப்பு!" என்றாள் அக்கா. அவன் அசையவில்லை.

"அப்போ உப்பு போதுமான்னு இனிமே யார்கிட்ட கேக்கறது?"

"எங்கிட்டதான்..." அவள் கண்கள் தாழ்ந்தன. "தினமும் சொல்றேன். எழுதாம... பக்கத்துல இருந்து."