ரெஜினாவின் தெரிவளவு

தூத்துக்குடி தெரிவளவு நிலையத்துக்குப் போகிறவர்கள் கையோடு ஒரு லட்டுப் பெட்டியும் கொண்டு போவார்கள். பூஜ்யம் வந்ததும், பிள்ளை பரீட்சையில் பாஸானதுபோல வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. சூசைமாணிக்கம் மட்டும் வெறுங்கையோடு போயிருந்தார்.

காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பதிவுப்பட்டை, மூளையில் நடப்பதை ஆயுள் முழுக்கச் சேமித்து வைக்கிறது. செய்த காரியம் எதுவானாலும் அதில் நம் சொந்த விருப்பம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று தெரிவளவுமானி சொல்லிவிடும். பூஜ்யம் என்றால் வேறு மாதிரி நடந்திருக்க வழியே இல்லை என்று பொருள். தண்டனையும் கிடையாது, பழியும் கிடையாது.

அவர் அளக்கக் கொடுத்தது ஒரு சாயங்காலத்தை. சங்கக் கட்டடத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார். மனைவி ரெஜினா மூன்று முறை அழைத்தாள். ஆட்டம் முடியட்டும் என்று மூன்று முறையும் துண்டித்தார். வீட்டுக்குப் போனபோது அவள் மூச்சு நின்றிருந்தது. நான்கு மாதமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அலுவலர் உமையாள் திரையைத் திருப்பிக் காட்டினாள். பூஜ்யம். பாவம், மனுஷர் மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அந்த நிம்மதியில்தான் அவருக்கு ஓர் ஆசை வந்தது. பக்கவாதத்தில் ஆறு வருடம் படுக்கையில் கிடந்த அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, நடக்க வைத்தவள் ரெஜினா. விட்டுவிட்டு வந்துவிடு என்று அவளுடைய அண்ணன்மார் வண்டியோடு வந்து நின்றபோதும் அவள் போகவில்லை. இறந்தவர்களின் பதிவும் நிலையத்தில் இருக்கும். அவள் போகாமல் நின்றதை அதிலிருந்து அளந்து, நூறு என்று போட்ட தாளை அவள் படத்துக்குக் கீழே மாட்ட வேண்டும். வேண்டாமே என்று உமையாள் இரண்டு முறை தடுத்துப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

பூஜ்யம்.

"மெசின்ல கோளாறாம்மா?"

"இல்லங்கய்யா. ஒம்பது வருசமா இங்க இருக்கேன். யாருக்குமே வேற எண் வந்து பாத்ததில்ல."

அவர் பூஜ்யம் என்று போட்டிருந்த தன் சான்றிதழை அவளிடமே தள்ளினார்.

"என்னுத நூறுன்னு மாத்திக் குடு. தப்பு என்னோடதாவே இருக்கட்டும். அப்பத்தான அவ நின்னது அவளோடதா இருக்கும்?"

அப்படி மாற்ற முடியாது என்று உமையாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் பட்டையோடு இணைத்திருந்த மானியை யாரும் நிறுத்தவில்லை. இப்போது அவர் கேட்டதையும் அது அளந்துவிட்டது. அவள் அவசரமாக உள்ளங்கையால் திரையை மறைத்தாள்.

"கைய எடும்மா. தெரியும்," என்றார்.

அவள் எடுக்கவில்லை.