குளிர்ந்த வீடு

குழாய் இரண்டு தடவை இருமியது, கொஞ்சம் செம்மண்ணைத் துப்பியது, அதோடு சரி. எர்லிண்டா அதைத் திருகிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தாள். கொல்லையில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் வெறும் காற்றை இழுத்துக் கதறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அதை நிறுத்திவிட்டு, வெயிலில் கண் இருட்ட, சமையலறைக்குத் திரும்பி வந்தாள். வற்றும், வற்றும் என்று இரண்டு வருஷமாக மாவட்டச் சபையில் போய்க் கத்தியது இன்றைக்கு நடந்தேவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றபோதுதான் அது காதில் விழுந்தது. கூரை மேல் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. விசிறி ஓடுவதில் அதிசயம் இல்லை, கரண்ட் இருக்கிறது. ஆனால் மரச்சீவல் பட்டைகளின் மேல் தண்ணீர் சளசளவென்று வழிகிற சத்தமும் கூடவே கேட்டது. அந்தத் தண்ணீர் இதே கிணற்றிலிருந்துதான், ஒரு மெல்லிய செப்புக் குழாய் வழியாக, மேலே ஏறுகிறது. கிணறு நின்றால் அதுவும் நிற்க வேண்டும். பட்டைகள் காய்ந்து, கொஞ்ச நேரத்தில் புழுதி மணக்கும் அனல்தான் வீட்டுக்குள் வீச வேண்டும். வீசவில்லை. கூடத்து உச்சியிலிருந்து குளுகுளுவென்று காற்று இறங்கி அவள் கழுத்து வியர்வையை ஆற்றியது.

மேலே தட்டில் மிச்சம் கிடக்கும், என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கிடக்கட்டும். இருக்கிறவரை ஓடட்டும்.

அந்தக் கூலர்தான் அவள் புருஷன் சில்வெரியோவின் உயிர். இதில் மிகை எதுவும் இல்லை. அரிசோனா வெயிலில் முப்பது வருஷம் அடுத்தவன் வீட்டுக்குக் கூரை போட்டவன்; தாரும் அனலுமாய் உழைத்தவன். போன வருஷத்துக்கு முந்தின ஜூலையில் ஒரு கூரை மேலேயே சுருண்டு விழுந்தான். பிழைத்தான், ஆனால் தன்னைத் தானே குளிர்த்திக்கொள்ளும் வித்தை அவன் உடம்புக்கு மறந்துபோயிற்று. அரை மணி நேரம் வெக்கையில் இருந்தால் ஆள் தங்க மாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொன்னார். இன்றைக்கு வெளியே நூற்றுப் பதினாறு டிகிரி.

"கிழவி," உள்ளறைக் கட்டிலிலிருந்து சில்வெரியோ கூப்பிட்டான். "என்ன அங்க யாரோட சண்டை?"

"குழாயோட."

"ஜெயிச்சியா?"

"நான் எதுலய்யா ஜெயிச்சிருக்கேன்? பேசாமப் படு."

அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. தொண்டை காய்ந்த சிரிப்பு.

மேசை மேல் அவளுடைய போன் ஒலிபெருக்கியில் கிடந்தது. அதிலிருந்து சபைக் கூட்டம் வழிந்துகொண்டிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம், ஜன்னலே இல்லாமல் நிற்கிற அந்த வெள்ளைக் கட்டடங்களுக்கு, உள்ளே கம்ப்யூட்டர்களை அடுக்கிவைத்து ராப்பகலாக உறுமுகிற அந்தச் சனியன்களுக்கு, இன்றைக்கு மூன்றாவதாக ஒன்று கட்ட அனுமதி கேட்கிறார்கள். கம்பெனியின் பெயரைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள், ரகசியமாம். 'காட்டுப்புறாத் திட்டம்' என்றுதான் சொல்வார்கள். காட்டுப்புறா! தெருவே சேர்ந்து குடிக்கிற கிணற்றைவிட மூன்று மடங்கு ஆழத்தில் நாலு கிணறு போட்டு உறிஞ்சுகிற புறா. பக்கத்து வீட்டு பெலென், சிவப்புச் சட்டை போட்ட தெருக்காரர்களை எர்லிண்டாவின் பிக்கப் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்குப் போயிருந்தாள். அங்கே கைதட்டக் கூடாது, வேண்டுமானால் இரண்டு கையையும் சத்தமில்லாமல் ஆட்டிக்கொள்ளலாம் என்று ஒரு சட்டம். சில்வெரியோவைத் தனியே விட முடியாததால் எர்லிண்டா போனில் வரிசைக்கு நின்றாள். பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். மதியத்திலிருந்து நிற்கிறாள்.

கடைசியாக இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அறை ஜில்லென்றிருந்தது. இந்த வீட்டில் எந்தக் கோடையிலும் இவ்வளவு குளிர்ந்ததில்லை. சில்வெரியோ போர்வையை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ராஜா மாதிரி, சாய்ந்திருந்தான்.

"இன்னிக்கு நல்லா ஓடுது பாரு. பட்டை மாத்தினியா?"

"இல்லையே."

"மாத்தின மாதிரி இருக்கு. தாகமாத்தான் இருக்கு, அதக் குடு."

மடக் மடக்கென்று குடித்தான். உதடுகள் நடுவில் பிளந்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள். காலையில் அப்படி இல்லை. பாட்டில் காலியாகி அவன் மூச்சு வாங்கிய கணத்தில், தலைக்கு மேலே, சளசளப்பு கூடியது. யாரோ குழாயை இன்னும் ஒரு சுற்றுத் திறந்துவிட்ட மாதிரி பொலபொலவென்று கொட்டி, மெல்ல மெல்ல அடங்கியது.

இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள்.

"நல்லா ஓடுது," என்றான் சில்வெரியோ மறுபடியும்.

காற்றில் ஒரு வாடை இருந்தது. கூலர் காற்றுக்கென்று ஒரு வாடை உண்டு, நனைந்த மரச்சீவல் வாடை, வைக்கோல்போரில் மழை விழுந்தாற்போல. கோடையின் முதல் நாள் அதை முகர்ந்தால் அவளுக்கு மனசே நிறைந்துவிடும். இது அது இல்லை. இது கொஞ்சம் புளித்து, கொஞ்சம் உப்பாக, அடியில் தார் நெடியோடு, கற்பூரத் தைலம் கலந்து இறங்கியது. தெரிந்த வாடை. முப்பது வருஷம் அவள் கையால் துவைத்த வாடை. வேலை முடிந்து வந்து கதவுக்குப் பின்னால் அவன் கழற்றிப் போடுகிற சட்டை.

கட்டிலில் கிடந்த அவன் சட்டையைக் குனிந்து முகர்ந்தாள். காய்ந்து, மொடமொடவென்று, வாடையே இல்லாமல் இருந்தது.

அவன் புறங்கையை எடுத்துத் தோலைக் கிள்ளி விட்டாள். தோல் இறங்கவில்லை. கிள்ளிய இடம் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது.

"என்னடி பண்றே?"

"ஒண்ணுமில்ல. தூங்கு."

அவனுடைய போனில் அவசர எண்ணுக்கு அடித்தாள். ஒரு பெண் எடுத்தாள். நல்ல பெண்ணாகத்தான் பேசினாள்.

"இன்னிக்கு வெயில் கேஸு நெறைய இருக்கும்மா. ஆம்புலன்ஸ் வர நேரமாகும். அதுவரைக்கும் அவரைக் குளிர்ச்சியான எடத்துல வச்சிருங்க. வீட்டுல கூலர் ஓடுதா?"

"ஓடுது. அதாம்மா பிரச்சினையே."

"ஓடுதில்ல? அப்பப் பயப்படாதீங்க. தண்ணி மட்டும் குடுத்துக்கிட்டே இருங்க."

"தண்ணி இல்லம்மா! கிணறு வத்திப்போச்சு!"

"அப்படின்னா கூலர் எப்படிம்மா ஓடும்?" என்றாள் அந்தப் பெண், கனிவாக.

எர்லிண்டாவுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இதைத்தானே நானும் கேட்கிறேன் பாவி மகளே, என்று கத்த வேண்டும் போலிருந்தது. போனை வைத்தாள். நேரே போய்ச் சுவரில் இருந்த கூலர் சுவிட்சை அணைத்தாள்.

கூலர் ஓடியது.

மறுபடி போட்டு மறுபடி அணைத்தாள். பிறகு கொல்லைச் சுவரிலிருந்த மின்சாரப் பெட்டியைத் திறந்து, கைக்கு எட்டிய விசையையெல்லாம் கீழே தள்ளினாள். ஃபிரிட்ஜ் ஒரு தடவை நடுங்கி அமைதியானது. கூடத்து விளக்கு போயிற்று. அந்த அமைதியில் மேலே விசிறி இன்னும் தெளிவாகக் கேட்டது. தண்ணீரும். சாலைக்கு அப்பாலிருந்து உறுமலும். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தன. இத்தனை நாள் இதை எப்படிக் கவனிக்காமல் இருந்தோம் என்று நினைத்தாள்.

ஆளை வெளியே கொண்டுபோய்விடலாம். அதுதான் அடுத்துத் தோன்றியது. கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். தூக்கியவள் பயந்துபோனாள், அவ்வளவு லேசாக இருந்தான். கதவைத் திறந்ததும் அனல் அடுப்பு வாய் மாதிரி முகத்தில் அறைந்தது. அவன் முனகினான், கண் மேலே செருகியது, கால் இழுத்துக்கொண்டது. இதே வெயில் ஏற்கெனவே ஒருதரம் தின்று துப்பிய உடம்பு. வண்டியும் இல்லை. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. கதவைச் சாத்தி அவனை மறுபடி அந்தக் குளிரிலேயே கிடத்தினாள். வேறென்ன செய்வாள்?

கிடத்தியதும் அவன் முகம் தெளிந்தது. "அப்பாடா," என்றான். தலைக்கு மேலே பொலபொலவென்று கொட்டியது.

கூட்டம் ஓடிக்கொண்டிருந்த தன் போனைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியை எடுத்தாள். ஏணிக் கம்பி உள்ளங்கையைச் சுட்டது. சூரியன் மலைப்பக்கம் சாய்ந்திருந்தது, வெயில் சாயவில்லை. கூரை மேல் கூலர் தகரப் பெட்டியாகக் குந்தியிருந்தது. பக்கத்து மூடியை நெம்பிக் கழற்றினாள்.

செப்புக் குழாயின் நுனி வறண்டு, அதில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. அதற்கு அடியில் தட்டு விளிம்புவரை நிறைந்து தளும்பியது.

விரலை விட்டாள். குளிர்ச்சி இல்லை. வெயிலின் சூடும் இல்லை. அவன் குளிக்கும்போது முதுகு தேய்த்துவிடுவாளே, அப்போது கைக்குத் தெரிகிற சூடு. விரலை நாக்கில் வைத்தாள்.

கரித்தது.

பையிலிருந்து சபைத் தலைவரின் குரல் வந்தது. "அடுத்து, போன்ல, எர்லிண்டா ஒலிவாஸ். மூணு நிமிஷம்மா."

"ஐயா," என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "எங்க கிணறு வத்திப்போச்சு. கூலர் நிக்கல. அது எங்க வீட்டுக்காரர்கிட்டயிருந்து எடுக்குது. அவர் ஒடம்புலேருந்து. நான் கூரை மேல நிக்கிறேன், தட்டு நெறைஞ்சு கெடக்கு, வாயில வச்சுப் பாத்தேன், உப்புக் கரிக்குது."

அங்கே யாரோ இருமினார்கள். யாரோ சிரித்தார்கள்.

"மேடம், இன்னிக்கு விவாதம் கட்டடத்தோட உயரத்தையும் வண்டி நிறுத்துற எடத்தையும் பத்தி மட்டும்தான். அதுல ஏதாவது சொல்லணுமா?"

"ஆள் செத்துக்கிட்டிருக்காருய்யா!"

"உங்க வேதனை எங்களுக்குப் புரியுதும்மா."

"என்னய்யா புரியுது? என்ன மயிரு புரியுது ஒங்களுக்கு?"

"நன்றி. அடுத்து..."

தூரத்தில் பெலெனின் குரல், "அக்கா! எர்லிண்டா அக்கா! இதோ வர்றேன்க்கா!" என்று கத்தி, தலைவர் மேசையில் சுத்தியல் தட்டும் சத்தத்தில் அமுங்கியது. பிறகு இணைப்பு போயிற்று. அங்கிருந்து இங்கே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு வருஷமாகப் பேசியதில் என்ன கிடைத்ததோ அதுதான் இன்றைக்கும் கிடைத்தது. பேசியதற்கு நன்றி.

அவள் நிமிர்ந்தாள். கூலரின் முகத்திலிருந்து மெல்லிய ஈரப் புகை கிளம்பி, இந்த வறண்ட காற்றில் கரைய வேண்டியது, கரையாமல், நூலாகச் சாலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. நூல் காற்றுக்கு எதிராகப் போயிற்று. பெலென் வீட்டுக் கூரையிலிருந்தும் ஒன்று போயிற்று. உள்ளே அவளுடைய அப்பா மதியத் தூக்கத்தில் இருப்பார். அதற்கடுத்த கூரையிலிருந்தும். அதற்கடுத்ததிலிருந்தும். எல்லாம் வெள்ளைக் கட்டடங்களின் மேல் போய்ச் சேர்ந்து, அங்கே ஏற்கெனவே நின்ற ஆவியோடு கலந்தன.

அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். இந்த வீட்டில் இருக்கிற தண்ணீர் இவ்வளவுதான். அவனுடையது.

கீழே இறங்கிப் பால் காய்ச்சும் பாத்திரத்தை எடுத்து வந்தாள். முகந்தாள். சிந்தாமல் இறங்கினாள். தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டினாள். ஒட்டிய கன்னம் கண்ணெதிரே கொஞ்சம் நிரம்பியது. கண் திறந்தது.

"சூப்பா?" என்றான். "உப்பு தூக்கல் கிழவி."

"சூப்புதான். குடி."

மேலே கொட்டியது.

ஏறினாள். முகந்தாள். இறங்கினாள். புகட்டினாள். மேலே கொட்டியது. ஏறினாள். ஒவ்வொரு தடவையும் தட்டில் கொஞ்சம் குறைந்திருந்தது. பாதிப் பாத்திரம். கால் பாத்திரம். கடைசியில் சுரண்டி எடுத்தும் பாத்திரத்தின் அடிகூட மூடவில்லை. அதையும் கொடுத்தாள். அவன் நாக்கை நீட்டி விளிம்பை நக்கினான். நாக்கு கறுத்து, சிறுத்து, வற்றல் மிளகாய் மாதிரி இருந்தது.

"இன்னும்," என்றான்.

"இல்லய்யா."

"இன்னும் கொஞ்சம்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கால் வலித்தது. குளிர்ந்த காற்று உச்சந்தலையில் இறங்கியது, இதமாக, ஒரு கை தடவுவதைப்போல. எவ்வளவு சுகம். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

வாடை மாறியிருந்தது. தார் இல்லை, தைலம் இல்லை. அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடச் சமையலறையின் வெங்காயம். துணி சோப்பு. அவள் தலைக்கு வைக்கிற ரோஜாத் தைலம்.

உதட்டை ஈரப்படுத்தப் பார்த்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. மேலே சளசளவென்று, தாராளமாக, தண்ணீர் வழிய ஆரம்பித்தது.

எர்லிண்டா எழுந்தாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, ஏணியில் ஏறினாள். தட்டு நிறைந்திருந்தது. விளிம்பு தளும்ப முகந்து, ஒரு சொட்டு சிந்தாமல், கீழே கொண்டுவந்தாள்.

சில்வெரியோ வாயைத் திறந்து காத்திருந்தான்.