பருந்துகள் பார்த்த இடம்

இரண்டு செம்பருந்துகளும் ஒன்றையொன்று பார்க்கவில்லை.

கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் தர்மேந்திரனுக்கு அது உறைத்தது. நகத்தோடு நகம் கோத்து, இறக்கை விரித்து, தலைகீழாகச் சுழன்று விழுந்துகொண்டிருந்தன இரண்டும். வெள்ளை நெஞ்சு, செம்மண் நிற முதுகு, இறகு இறகாய் அப்படியொரு துல்லியம். ஆயுசுக்கு ஒரு தடவை மாட்டுகிற படம். ஆனால் சண்டை போடுகிறவை எதிரியையல்லவா பார்க்க வேண்டும்? இவை தலையை ஒரே பக்கம் திருப்பி, படமெடுத்தவனுக்குப் பின்னால் எதையோ பார்த்தன.

வெளியே ஈப்போவின் சாயங்கால மழை சுண்ணாம்புக் குன்றுகளை மறைத்துவிட்டிருந்தது. ஒன்பதாவது மாடி வீட்டில் மின்விசிறியின் சத்தமும் குளிர்பெட்டியின் முனகலும்தான் துணை. பகலெல்லாம் லோரி உதிரிபாகக் கடையில் நின்று வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன், கதவைத் திறந்து உள்ளே வந்தால் பேச ஆளில்லை. மனைவி துளசி நோயில் போய் இரண்டு வருஷமாகிறது. அவள் உட்காரும் பிரம்பு நாற்காலியை மட்டும் மேசைப் பக்கத்திலிருந்து அவன் நகர்த்தவில்லை. பறவைப் பைத்தியம் பிடித்ததே அதற்கப்புறம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். எடுத்த படங்களைப் புகைப்படக் குழுவுக்கு அனுப்புவதும் பாராட்டுக்காக இல்லை. யாராவது பதில் போடுவார்கள் என்பதற்காக.

பீடோரிலிருந்து குழுவை நடத்தும் சுகுமாரன் கைபேசியில் அழைத்தார்.

"படம் பாகுஸ்லா தம்பி, ரொம்ப நல்லா வந்திருக்கு. கண்காட்சிக்கே வைக்கலாம். எடது பக்கம் கொஞ்சம் வெட்டு, நெஞ்சுல வெளிச்சம் ஜாஸ்தி, கொற. ஆனா…" கொஞ்சம் நிறுத்தினார். "கண்ணுதான் இடிக்குது. ஒன்னை ஒன்னு பாக்கலியே. ஒன் பின்னால யாரு நின்னா?"

"யாரும் இல்லண்ணே. தனியாத்தான் போனேன்."

"அது எப்படிலா? ரெண்டும் ஒரே எடத்தப் பாக்குது. ஆளு வந்தாத்தான் அப்படித் திரும்பும். அதுக்கு முன்ன பின்ன எடுத்தது இருக்கும்ல, பாரு. கண்ணு சரியா இருக்கறத அனுப்பு."

வைத்துவிட்டார். சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்னும் இரண்டு நிமிஷம் பேசியிருக்கலாம்.

பொத்தானை அழுத்திப் பிடித்து எடுத்த வரிசை அது. முதல் சில படங்களில் பருந்துகள் ஒழுங்காக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டுதான் இருந்தன. பிறகு இரண்டு தலைகளும் சேர்ந்தாற்போல் திரும்பின. பார்வை அவனைத் தாண்டித் தூரத்தில் இருந்தது. அங்கே என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியும். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட அந்தப் பழைய தோட்டத்தில், ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன, வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகள். கதவில்லாத அறைகள். கறுத்த வாசல்கள்.

அடுத்த படம். பார்வை சற்றுத் தாழ்ந்திருந்தது.

அடுத்தது. இன்னும் கிட்டே.

படங்களை வேகமாகத் தள்ளிப் பார்த்தான். பறவைகள் சுழன்று சுழன்று விழ, தலைகள் மட்டும் நிதானமாக ஒன்றைத் தொடர்ந்து வந்தன. நடந்து வரும் ஒன்றை. கடைசிப் படத்தில் அது அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டிருந்தது.

அப்போதுதான் அந்த வாடை. முதலில் காலணி என்று நினைத்தான். மழையில் நனைந்த தோல் அப்படித்தான் நாறும். ஆனால் இது வேறு. ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோப்பையில் உறைந்து ஊறிப் புளித்த ஒட்டுப்பால். படமெடுத்த அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரமே இல்லாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது.

என்ன சொன்னேன் அங்கே?

கார் சாவியை எடுத்தால் பக்கத்தில் ஆளிருப்பதுபோல் "வா, போலாம்" என்பது அவன் பழக்கம். துளசியிடம்தான் சொல்வான். வேறு யாரிடம் சொல்வது? படமெடுப்பதற்கு முன், லயத்து வாசல்களுக்கு எதிரே நின்று கேமராவைத் தோளில் மாட்டியபோதும் அதைத்தான் சொன்னான். பேரைச் சொல்லவில்லை. வெறுமனே, வா. இன்றைக்கு மத்தியானம் திரும்பி வந்து வீட்டைத் திறந்தபோதும் அதே வாய்தான். "உள்ள வா. மழை வருது."

ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. உண்மையில் அது பயமில்லை, ஆசை.

"துளசி?"

வாடை நெருங்கியது. துளசி ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவள். அட்டைக்குப் பயந்து ஒரு தோட்டத்திலும் கால் வைக்காதவள். இது அவள் இல்லை.

பால்கனிக் கம்பியில் ஏதோ கீறியது.

இரண்டு செம்பருந்துகள். நனைந்து, அருகருகே. ஒன்பதாவது மாடிக்குப் புறாதான் வரும். கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தில் கை தானாக எழுந்தது. பாதியில் நின்றது.

அவை அவனைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே. பின்னால்.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"நான் ஒங்கள கூப்புடல," என்றான். "என் பொண்டாட்டியத்தான் கூப்ட்டேன். தெரியாம சொல்லிட்டேன். போயிருங்க."

மழைச் சத்தம். பிறகு, பருந்துகளின் கழுத்துகள் அசைந்தன. மெல்ல. அறையின் குறுக்கே. வாசல் கதவை நோக்கி.

அங்கே நின்றன.

தர்மேந்திரன் மூச்சு விட்டான். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. போய்விட்டது என்றே நினைத்தான். கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

கதவு திறக்கவில்லை.

கழுத்துகள் திரும்ப ஆரம்பித்தன. வந்த வழியே. சுவரைத் தாண்டி. அவன் முதுகைத் தாண்டி. வலப்பக்கம். பிறகு கீழே, மனிதர் உட்கார்ந்தால் முகம் இருக்கும் உயரத்துக்கு.

அவனுக்குப் பக்கத்தில் துளசியின் நாற்காலி இருந்தது. அதன் பிரம்பு இருக்கை முனகியபடி மெல்ல அமுங்கியது.