மழையில் வந்தவங்க

"ஐயோ... பாத்து வரக் கூடாதா?"

கொட்டும் மழையில் ஓடிவந்த அதீபா, வேலப்பன்சாவடி நர்சரி வாசலில் ஒருவன் மேல் மோதி நின்றாள். அவள் கையிலிருந்த தொட்டிச் செடியில் ஓர் இலை முறிந்து விழுந்தது.

"நான் சும்மா நின்னுகினு இருந்தேங்க. வந்து மோதினது நீங்க!" என்றபடி அவன் குடையை நீட்டினான்... அவளுக்கு இல்லை, தொட்டிக்கு!

"ஆப்பிரிக்கன் வயலட்டுங்க. இலைல தண்ணி நின்னா அழுகிப்பூடும்."

இவள் சொட்டச் சொட்ட நனைகிறாள், செடிக்குக் குடையாம்! திட்டத்தான் நிமிர்ந்தாள். மழைத்துளி தங்கிய இமைகள்... சிரிக்கிற கண்கள்... கோபம் பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டது.

அவன்தான் நர்சரிக்காரன், முஸ்தகீம். அவனிடம் வந்த காரியத்தைச் சொன்னாள். அம்மா ஜமீலா வளர்த்த செடி. அம்மா போய் ஒரு வருஷம். இப்போது செடியும் வாடுகிறது. பெயர் அட்டை எப்போதோ தொலைந்துபோனது. வகைப் பெயர் தெரிந்தால் இதேபோல இன்னொன்று வாங்கிவிடலாம். அந்த ஜன்னலைக் காலியாகப் பார்க்க அவளால் முடியாது.

"ஊதாப் பூ... ஓரத்துல வெள்ளை ஜரிகை மாதிரி இருக்கும். என்ன பேருங்க?"

அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

"புளூ பேகம்."

அதே பெயரில் தேடிப்பிடித்து வாங்கினாள். பூத்தது... ஊதாதான். ஓரத்தில் ஜரிகை இல்லை!

"வயலட்ல ஆயிரக்கணக்குல வகைடி. அட்டை தொலைஞ்சா விவரம் தெரிஞ்சவங்க யாரும் பேர் சொல்ல மாட்டாங்க. உன் ஆளு சும்மா அடிச்சு விட்டிருக்கான்," என்றாள் தோழி நிவேதிதா.

பொய்க்காரன்! இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. ஆனால் நூம்பலிலிருந்து ஆபீஸ் போகும் பஸ் தினமும் அந்த நர்சரியைத்தான் கடந்தது. தினமும் அவள் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டாள். அவனைக் காணாத நாளில் வேலையே ஓடவில்லை. கோபம் என்றால் இப்படியா ஏங்க வைக்கும்?

ஆவணியில் அம்மாவின் செடி அழுகியே போனது. காலித் தொட்டியோடு அவன் முன்னால் போய் நின்றாள்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

அவன் முகம் சுருங்கியது. "அட்டை இல்லாம சும்மா பாத்துட்டு பேர் சொல்றது எங்க தொழில்ல தப்புங்க. தெரிஞ்சேதான் சொன்னேன். அவ்ளோ ஆசையா கேட்டீங்க... தெரியாதுன்னு சொல்ல வாய் வர்ல."

"அம்மா செடி... செத்துப்போச்சு." காலித் தொட்டியை நீட்டி அழுதுவிட்டாள்.

முஸ்தகீம் உள்ளே ஓடி, ஒரு சின்னத் தொட்டியோடு வந்தான். ஊதாப் பூ... ஓரமெல்லாம் வெள்ளை ஜரிகை!

"அன்னிக்கு ஒடிஞ்ச இலைங்க. நட்டு வெச்சேன். இலைல இருந்து வந்தா அதே செடிதான், பேரே வேணாம். பத்து மாசமா காத்துகினு கீறேன்."

அழுகைக்கு நடுவே அவள் கண்ணில் பட்டது, மண்ணில் செருகியிருந்த அட்டை. 'மழையில் வந்தவங்க' என்று எழுதியிருந்தது.

"பேர் தெரியாத செடின்னா குடுத்தவங்க பேர் எழுதணும், அதான் வழக்கம். உங்க பேர் கேக்கலையே..." தலையைக் குனிந்துகொண்டான். "தெனமும் பஸ்ல பாக்குறேன். பொய் சொன்னவன், இன்னான்னு கூப்டுவேன்? உங்களை ரொம்பப் புடிச்சிருக்குங்க."

அவன் சட்டைப் பையிலிருந்த பென்சிலை அவளே எடுத்தாள். அட்டையைத் திருப்பி எழுதினாள்: ஜமீலா மகள் அதீபா.

"அதீபா..." மெல்லப் படித்தான். "செடிய நீங்க எடுத்துகினு போங்க. இந்த அட்டை மட்டும் எங்கிட்ட இருக்கட்டுமா?"

"கூடாது. பிரிச்சா மறுபடியும் தொலைஞ்சுடும்." அவள் காதோரம் சிவந்தது. "நீங்களே வந்து ஜன்னல்ல வெச்சுக் குடுங்க. அத்தா வீட்டுலதான் இருக்காரு... பேசுங்க."

தூறல் விழுந்தது. அவன் அவசரமாகக் குடையை விரித்துவிட்டு, செடிக்கா அவளுக்கா என்று தடுமாறினான். அதீபா தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவன் பக்கம் நெருங்கி நின்றாள்.