கை எடுத்துட்டேன், போடலாம்

பவர் கேபிளைப் பிடுங்கி வைத்திருந்த ஆம்ப்ளிஃபையர் சூடாக இருந்தது.

ஈவ்லின் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான தோசைக்கல்லின் சூடு. பின்பக்க சாக்கெட் காலியாகத்தான் இருந்தது. வெளியே செம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து மழை காற்றோடு வந்து ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. ஆகாயத்தாமரை அழுகும் வாடை, ஈரச் சுவரின் வாடை, அதற்கும் அடியில் முடி பொசுங்கியது போல இன்னொரு வாடை. அந்தக் கடைசி வாடைக்கு அறையில் காரணம் எதுவும் இல்லை.

வாடகை வீட்டின் படுக்கையறைக்குத்தான் லேப் என்று பெயர் வைத்திருந்தார் முதலாளி ஷ்யாம்சுந்தர். மேஜைமேல் கம்ப்யூட்டரோடு இணைத்த ரேடியோ போர்டு. அது அனுப்பும் சக்தி ஓர் எறும்பைக்கூடச் சுடாது. அதை வாங்கி நூறு வாட்டாகப் பெருக்கி மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு ஏற்றுவது ஆம்ப்ளிஃபையர். ஸ்க்ரீனில் கெயின் என்ற கட்டத்தில் போடும் எண்ணைப் பொறுத்துச் சக்தி கூடும், குறையும். பூஜ்யத்தில் தொடங்கி, மீட்டரைப் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றும்போது ஆன்டெனாவில் யாருடைய கையாவது இருந்தால், தோலோடு போகாது, உள்சதை வெந்துவிடும்.

அதற்காகவே குமரவேல் இரண்டு பழக்கங்கள் வைத்திருந்தான். பொத்தேரி காலேஜில் படிப்பை முடித்து நேரே இங்கு வேலைக்கு வந்தவன் அவன். ஏணி ஏறும் முன் ஆம்ப்ளிஃபையரின் பவர் கேபிளைப் பிடுங்கித் தன் பேன்ட் பையில் செருகிக்கொள்வான். மேலே வேலை முடிந்ததும், "கை எடுத்துட்டேன்க்கா, போடலாம்" என்று மாடிப்படி வழியாகக் குரல் கொடுப்பான். அதைக் கேட்ட பிறகுதான் ஈவ்லின் கெயினில் சின்னதாக ஓர் எண் போட்டு, போர்டின் சிக்னல் மட்டும் ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பாள்.

போன மாதம் அவள் லீவில் இருந்த நாளில் அவன் ஏணியிலிருந்து விழுந்து செத்துப்போனான். அவள் திரும்பி வந்தபோது ஆம்ப்ளிஃபையரில் புதுக் கேபிள் செருகியிருந்தது, கெயின் உச்சத்தில் இருந்தது. "ஈரம்மா. வழுக்கிடுச்சு," என்றார் ஷ்யாம்சுந்தர். அன்றைக்கு அவருக்கு கஸ்டமரிடம் டெமோ காட்டும் அவசரம். ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிமூட்டையிலிருந்து பழைய கேபிளை எடுத்து ஈவ்லினிடம் நீட்டியது குமரவேலின் அம்மா செல்லியம்மாள்தான். "இது ஆபீஸ் சாமானாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை ஈவ்லின் தினமும் டிபன் பாக்ஸோடு சேர்த்துச் சுமந்துகொண்டு வேலைக்கு வந்தாள்.

இன்று காற்றில் ஆன்டெனா சாய்ந்துவிட்டது. ஏற யாரும் வரவில்லை. முதலாளியே ஏணியை எடுத்தார்.

"சார், ஆம்ப் சூடா இருக்கு."

"எர்த் ப்ராப்ளமா இருக்கும். டைம் வேஸ்ட் பண்ணாத."

புதுக் கேபிளை பீரோவில் வைத்துப் பூட்டினாள். பழையதை அவரிடம் நீட்டினாள். அந்த மனிதர்மேல் எவ்வளவு வெறுப்பு இருந்தாலும், ஓர் உயிர் தன் விரல்நுனியில் போய்விடக் கூடாது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"இதைப் பையில வச்சுக்குங்க சார். முடிச்சதும் கை எடுத்துட்டேன்னு குரல் குடுங்க."

"அவன் விட்டுட்டுப் போன சென்டிமென்ட்டா?" சிரித்தபடி பைக்குள் திணித்துக்கொண்டு படியேறினார்.

கெயின் பூஜ்யம். இருமுறை சரிபார்த்துவிட்டு உட்கார்ந்தாள். மேலே ஏணியை இழுக்கும் சத்தம், ஈரத்தில் செருப்பு சப்பென்று ஒட்டிப் பிரியும் சத்தம், பிறகு மழை மட்டும். மத்தியானமே இருட்டிவிட்டது. பொசுங்கல் வாடை கூடியது. ஆம்ப்ளிஃபையரின் ஃபேன் லேசாக அசைந்து நின்றது. காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

படி வழியாகக் குரல் வந்தது.

"கை எடுத்துட்டேன்க்கா, போடலாம்."

பழகிய விரல். எண்ணைப் போட்டது. என்டரைத் தட்டியது.

அப்புறம்தான் உறைத்தது.

அக்கா.

ஷ்யாம்சுந்தர் அவளை அக்கா என்று கூப்பிட மாட்டார்.

ஃபேன் சுற்றத் தொடங்கியது. காலி சாக்கெட்டுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. மீட்டர் முள் எழுந்தது. பூஜ்யம் போட்டாள். ஸ்க்ரீன் பூஜ்யம் காட்டியது. முள் ஏறியது. போர்டைப் பிடுங்கி எறிந்தாள். முள் ஏறியது.

ஓடினாள்.

மாடி. மழை. ஏணி உச்சியில் ஷ்யாம்சுந்தர். இரண்டு கையும் ஆன்டெனாவைப் பிடித்திருந்தன. மழை பட்ட இடமெல்லாம் விரல்களிலிருந்து ஆவி எழுந்தது. பையிலிருந்து கேபிள் வெளியே தொங்கியது. பிளக் காற்றில் ஆடியது.

"சார், கையை எடுங்க."

மெதுவாக முகத்தைத் திருப்பினார். கண் கெஞ்சியது. வாய் திறந்தது. உதடு அசையவில்லை. திறந்த வாய்க்குள்ளிருந்து குமரவேலின் குரல் வந்தது, அவனுடைய அதே மரியாதையோடு.

"கை எடுத்துட்டேன்க்கா. போடலாம்."

கீழே ஃபேன் இன்னும் வேகமெடுத்தது.