மணிக்கட்டில் கட்டிய துண்டு

1961, ஆவணி மாதம். பகல் மணி பன்னிரண்டு ஐம்பது. அகரத்துப் பாலர் பள்ளியில் மூக்காயி மகள் செல்லக்கிளியைக் காணோம்.

“பிள்ளை எங்கிட்டு ஆயா?” டீச்சர் ரோசலின் கேட்டாள்.

“மாமன்னு ஒருத்தன் வந்தான். துணியக் காட்டுனான், சரியா இருந்துச்சு, விட்டுட்டேன்.” ஆயா அங்காளம்மாள் ஒரு சேலைத் துண்டை நீட்டினாள்.

இந்தத் துணி அடையாளம் ரோசலின் போட்ட சட்டம். கையெழுத்து வாங்காமல் பிள்ளையை அனுப்பாதே என்று ஆபீசிலிருந்து தாள் வந்தது. பூவெடுக்கும் தாய்மார் கையெழுத்துக்கு எங்கே போவார்கள்? ஒத்தை அறை, நாற்பத்திரண்டு பிள்ளைகள். மலைக்கவில்லையே அந்தப் புண்ணியவதி! தாயின் சேலையில் ஒரு துண்டு கிழித்து, பாதியைப் பிள்ளை மணிக்கட்டில் கட்டினாள், பாதியைத் தாயிடம் கொடுத்தாள். கூட்டிப்போக வருகிறவர் தாயின் துண்டை ஆயாவிடம் கொடுக்க வேண்டும்; அது பிள்ளை கைத்துண்டோடு பொருந்தினால்தான் அனுப்பலாம். எந்த ஆபீசருக்கு ஐயா இந்த மூளை வரும்!

மணி 1.05. சேதி கேட்ட மூக்காயி பூக்காட்டிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே நாத்தனார் ஒச்சம்மாள், வெள்ளைச் சேலையோடு மாரில் அடித்துக்கொண்டு.

“ஒந்துண்டு எங்க?” ரோசலின் கேட்டாள்.

மூக்காயி மடியை அவிழ்த்தாள். இருந்தது. ஆயா வாங்கி வைத்த துண்டை ரோசலின் அதன் பக்கத்தில் விரித்தாள். ரெண்டும் அதே சிவப்புக் கட்டம்தான். மூக்காயியுடையது வெளுத்திருந்தது, மற்றதில் கஞ்சி மொடமொடப்புகூடப் போகவில்லை.

“சேலை ஏது மூக்காயி?”

“பொங்கலுக்கு மொதலாளி எங்க காட்டுல பூவெடுக்கிற அஞ்சு பேருக்கும், நாத்தனாளுக்கும் சேத்துத்தான், ஒண்ணுபோல எடுத்துக் குடுத்தாரு.”

ரோசலினுக்குச் சுருக்கென்றது. இதைக் கேட்காமலா கட்டினோம்!

“நாலு பேரு கட்டிக் கட்டித் தொவைக்கிறீங்க. தாலி அறுத்தவ கலர்ச்சேலை கட்ட மாட்டா. அது பொட்டியில புதுசாவே கெடக்கும். துண்டை யாருக்குக் குடுத்தீக ஒச்சம்மா?”

ஒச்சம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “மதுரையில பெரிய வீடாம். எடுபிடி வேலை. மூணு வேளையும் சோறு போடுவாகன்னு தரகன் சொன்னான். இங்க கஞ்சிக்கே வழியில்லையே தாயி... ஒண்ணரை மணி பஸ்ஸுல கூட்டிட்டுப் போறான்.”

மணி 1.30. புறப்பட்ட பஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்றாள் ரோசலின். டிரைவர் வைத வசவு ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. சனங்கள் தரகனை அமுக்கிப் பிடித்தார்கள். செல்லக்கிளி அவள் இடுப்பில் ஏறிக்கொண்டது.

“நான் போமாட்டேன்னு அழுதேன் டீச்சர். துணி சரியா இருக்கு, போன்னு சொன்னாங்க ஆயா.”

ரோசலின் பிள்ளையை இறக்காமலே பள்ளிக்கு நடந்தாள். அங்கே சுவரில் தான் எழுதிய சட்டத்துக்குக் கீழே கரித்துண்டால் ஒரு வரி சேர்த்தாள்.

‘துணி சரியாக இருந்தாலும், பிள்ளை அழுதால் அனுப்பக் கூடாது.’