ஜோதியின் பெயரில் ஓடாத தமிழ்

"ஏன்க்கா, கம்ப்யூட்டருக்குக்கூட ஒங்களப் புடிக்கலையா?"

ஆறு வயது சமீரா இப்படிக் கேட்ட நேரத்தில்தான், மழைக்கு ஒதுங்க அந்தக் கடைக்குள் கால் வைத்தான் வீரமணி. கேள்வி அவனுக்கானது அல்ல. ஆனாலும் கேட்டவுடன் அவனுக்குத்தான் சுருக்கென்றது. நாற்காலியில் இருந்த பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய கண்கள்... வெளியே பெய்வதில் பாதி அங்கே வந்து நின்றதுபோல இருந்தது.

"சும்மா இருடி புள்ள!" என்று மகளை அதட்டினாள் நஜீமா. லப்பைக்குடிக்காட்டிலிருந்து தம்பியின் நிக்காஹ் பத்திரிகையை அடித்து வாங்க வந்தவள். "நாலு மணி பஸ்ஸ விட்டா வூடு போயிச் சேர இருட்டிப்போயிடும் ஜோதி. எப்படியாச்சும் பாரும்மா."

அதற்குள் வீரமணியின் குடையிலிருந்து ஒரு குட்டி அருவி மேசைமேல் இறங்கியது.

"ஏங்க! பேப்பரெல்லாம் நனையுது பாருங்க. குடைய மடக்கத் தெரியாதா?"

"மன்னிச்சுக்குங்க... வாங்கின நாள்லேருந்து இது என் பேச்சக் கேக்கறதில்ல."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே கட்சி. உங்களுக்குக் குடை, எனக்கு இது" என்று கணிப்பொறியைக் காட்டினாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியாத ஒரு முகம். "காலையில மொதலாளி தொட்டா தமிழ் ஓடுது. மத்தியானம் நான் தொட்டா ஓடமாட்டேங்குது. என் கைக்கு ராசியில்லையாம்..."

வீரமணி சிரித்துவிட்டான். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். சிரித்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

பெரம்பலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தக் கணினி மையம் நல்லுசாமியுடையது. தினமும் காலையில் கணிப்பொறிக்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, துண்டால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு தன் கடவுச்சொல்லை அடிப்பார். தமிழ் எழுதும் சாப்ட்வேர் அவருக்கு மட்டும் தடங்கலில்லாமல் திறக்கும். அவர் மூடிவிட்டுப் போனதும் ஜோதி தன் பெயரில் திறப்பாள். ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். 'அக்சஸ் டினைடு', அதாவது அனுமதி இல்லை. பத்து நாளாக இதே கதை. தா.பழூரில் இரண்டு வரன் தட்டிப்போன பெண்ணுக்கு, 'ராசியில்லாத கை' என்ற பேச்சு புதிதல்ல. இயந்திரமும் அதையே சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

"கொஞ்சம் தள்ளிக்குங்க. அரியலூர்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையிலதான் வேலை பாக்கறேன்" என்றான் வீரமணி.

அவனுக்கும் முதலில் குழப்பமாகத்தான் இருந்தது. கணிப்பொறி புதிது, சாப்ட்வேரும் சரியாக இருந்தது. பிறகு, காலையும் மத்தியானமும் அல்ல, திறக்கும் பெயர்தான் மாறுகிறது என்பது அவனுக்குப் பிடிபட்டது.

"இதுக்குள்ள ஒரு பெரிய பதிவேடு இருக்குங்க. எந்தப் புரோகிராம் எப்படி நடக்கணும்னு எல்லாம் அதுலதான் இருக்கும். உங்க தமிழ் சாப்ட்வேர் தெறக்கறப்பல்லாம் அதுல ஒரு வரி எழுதப் பாக்குது. மொதலாளி பேருல எழுத விடும். உங்க பேருல படிக்க மட்டுந்தான் விடும். எழுத முடியாம முழிச்சிட்டு மூடிக்குது. அவ்வளவுதான்!"

"அப்ப... என் கை?"

"உங்க கைக்கு என்னங்க? நல்லாத்தான் இருக்கு."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. நஜீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜோதி எதையோ தேடுவதுபோல இழுப்பறைக்குள் குனிந்தாள்...

சரிசெய்ய முதலாளியின் கடவுச்சொல் வேண்டும். அவரோ அரியலூரில் ஒரு விசேஷத்தில். இரண்டு முறை போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மணி மூன்றேகால்.

"இந்த மாதிரி மிஷின்ல, கடவுச்சொல் போட்டுப் பூட்டாம விட்ட பின்வாசல் ஒண்ணு இருக்கும்" என்றான் வீரமணி.

"அவரு இல்லாதப்பவா? தப்பில்லையே?"

"நல்லதுக்குத்தானேங்க."

நல்லதுக்கு என்று சொல்லிக்கொண்டால் நமக்கு எந்தக் கதவும் நம் கதவாகிவிடுகிறது. அவன் பின்வாசலால் நுழைந்து, முதலாளிக்கு இருந்த முழு அதிகாரத்தையும் அவள் பெயருக்குக் கொடுத்துவிட்டான். ஒரே ஒரு வரி எழுதக் கேட்டவளுக்கு வீட்டுச் சாவிக்கொத்தையே தூக்கிக் கொடுத்த கதைதான். ஆனால் தமிழ் ஓடியது! அவள் விரல்கள் பறந்தன. மூன்றே முக்காலுக்குப் பத்திரிகை நஜீமாவின் கையில். அரியலூர் பஸ்ஸைப் பிடிக்க வீரமணி மழையிலேயே ஓடினான். ஏறி உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது, குடையை அங்கேயே விட்டுவிட்டோம் என்று. பரவாயில்லை, போய் வாங்கிக்கொள்ள ஒரு காரணமாயிற்று...

ஐந்து நாள் கழித்து வந்தபோது, அவள் நாற்காலியில் நல்லுசாமி உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"டைப் அடிக்க ஆள் இல்ல தம்பி. இருந்த பொண்ண நிறுத்திட்டேன்."

"ஏங்க?"

"கிருத்திகைக்கு, மிஷின்ல என் பேருக்குப் பக்கத்துல முருகன் படம் வைக்கலாம்னு உள்ள போனா, எனக்கு மட்டும் இருந்த அதிகாரம் அது பேருக்குக் கீழயும் நிக்குது! கை ராசி இல்லேன்னுதான் நெனச்சேன், பொறுத்துக்கிட்டேன். கை சுத்தமும் இல்லேன்னா? யாரு செஞ்சதுன்னு கேட்டா, தலையக் குனிஞ்சிக்கிட்டு 'நான்தான் சார்'ங்குது."

ஏன்? ஏன் அவள் வீரமணியைக் காட்டிக்கொடுக்கவில்லை? சொல்லிவிட வாயெடுத்தான். அடுத்தவர் பூட்டில் சொல்லாமல் கைவைத்தால் வேலை இல்லை என்பது அவன் வேலை பார்க்கும் கடையில் முதல் நாளே சொன்ன சட்டம். மீன்சுருட்டியில் அந்தச் சம்பளத்தை நம்பி அம்மா இருக்கிறாள். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, திருடனைப்போல வெளியேறினான்.

பேருந்து நிலையத்தில், ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு அருகில், துணிப்பையோடு ஜோதி நின்றுகொண்டிருந்தாள்!

"ஊருக்குங்களா?"

"ஆமா. சித்தி வூட்டுல எத்தன நாளு சும்மா இருக்கறது? வேற கடையில கேட்டேன். அதுக்குள்ள பேச்சு அங்கயும் போயிருக்கு." பையிலிருந்து குடையை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க. நான் மடக்கினா மடங்குது."

அவனால் சிரிக்க முடியவில்லை. "செஞ்சது நானு. ஏங்க என் பேரச் சொல்லல?"

"உங்க பேரு எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு!"

அட, ஆமாம்... பெயரையே சொல்லவில்லை! அவன் விழித்த விழியைப் பார்த்து அவள் சிரித்தாள். பிறகு பஸ் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். "தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். என் கை மேல தப்பில்லேன்னு சொன்ன மொத ஆளு நீங்க. உங்களுக்கு ஒரு கஷ்டம் என்னால வரலாமா?"

"வீரமணி" என்றான் அவன். "ஊரு மீன்சுருட்டி. அம்மா மட்டுந்தான். ஞாயித்துக்கெழம அம்மாவ அழச்சிக்கிட்டு உங்க வூட்டுக்கு வரட்டுங்களா?"

அவள் முகம் சட்டென்று இறுகியது. "பாவம்னு வர்றீங்களா? வேலை போச்சேன்னா? அப்படின்னா வராதீங்க. நாங்க கூலி வேல செஞ்சி வந்த குடும்பந்தான். இரக்கத்துக்குப் பொண்ணு குடுக்க மாட்டாரு எங்கப்பா."

"பாவமா? அஞ்சு நாளா யாரு மிஷினத் தெறந்தாலும் உங்க கண்ணுதாங்க தெரியுது. பாவப்பட வேண்டியவன் நானு."

டிரைவர் ஹாரனை அடித்தார். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகரும்போதுதான் எட்டிப் பார்த்தாள்.

"எங்கப்பா பேரு அய்யம்பெருமாள். தா.பழூர்ல எறங்கி யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க... பத்து மணிக்கு மேல வாங்க." உடனே அவசரமாக, "அந்த விஷயத்த மட்டும் மொதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. உங்க வேல முக்கியம். இது அரியலூர் வழியாத்தான் போவுது, நீங்க ஏறலையா?"

"கொஞ்சம் வேல பாக்கி இருக்குங்க."

பஸ் போய்விட்டது. கேட்டது கிடைத்துவிட்டது. சொல்ல வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டாள். இனி அவனைக் கேட்பதற்கு யாருமில்லை. கேட்பாரில்லாத இடத்தில் நிற்பவனைத்தான் கடவுள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார் போலும்... வீரமணி கடையை நோக்கி நடந்தான்.

எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னான். முடிந்ததும் நல்லுசாமி தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

"உங்க கடைக்கு ஒரு போன் போட்டா என்னாவும்?"

"வேல போயிடுங்க. போடுங்க. ஆனா அந்தப் பொண்ணக் கூப்புட்டுடுங்க. நான் வந்து சொன்னது அதுக்குத் தெரிய வேணாம்."

அவர் தொலைபேசியைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். துண்டால் மறைக்காமலே கடவுச்சொல்லை அடித்தார். "அந்தப் பொண்ணு வந்து அடிக்கணும்ல, சரியான வழி எதுவோ அதச் செய்யி. நான் டீ சொல்லிட்டு வரேன்" என்று, திறந்த இயந்திரத்தையும் அவனையும் தனியே விட்டுவிட்டு, தூறத் தொடங்கிய மழையில் இறங்கிப் போனார்.

கடையில் யாருமில்லை. வீரமணி முதலில் ஜோதியின் பெயரிலிருந்து பெரிய அதிகாரத்தை எடுத்தான். பிறகு பதிவேட்டைத் திறந்து, தமிழ் சாப்ட்வேர் எழுதும் அந்த ஒரே இடத்தைத் தேடிப்பிடித்து, அங்கே மட்டும் அவள் எழுதலாம் என்று உரிமை கொடுத்தான். வேறெதையும் தொடவில்லை. பின்வாசலுக்கும் ஒரு பூட்டு போட்டு, அதன் கடவுச்சொல்லை முதலாளிக்கு ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்தான்.

அவள் பெயரில் திறந்து பார்த்தான். ஆங்கிலப் பெட்டி வரவில்லை. தமிழ் ஓடியது. ஒரு 'அ' அடித்துப் பார்த்தான், அழித்தான். இயந்திரத்தை மூடிவிட்டு, டீ வருவதற்குள் அரியலூர் பஸ்ஸுக்குப் புறப்பட்டான்.